நான் படித்துத்தான் எழுதினேன்

தேர்வு முடிவு செல்லாது என்று அந்த மின்னஞ்சல் வந்தபோது நான் ஆபீஸ் கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். யாருக்கோ வரவேண்டியது தவறி எனக்கு வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மேலே என் பெயர் இருந்தது. நான் எழுதிய மையத்தில் கேள்விகள் முன்கூட்டியே வெளியானதாகத் தெரிகிறது, ஆகவே அந்த வாரம் அங்கே எழுதிய எல்லாருடைய முடிவும் ரத்து, இதுவே இறுதி முடிவு, உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. அவ்வளவுதான் செய்தி. என்ன ஒத்துழைப்பு? யாரோடு ஒத்துழைத்தேன்? கையில் சோறு காய, அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். டப்பாவை மூடிவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் குழாயைத் திருகிய வேகத்தில் சுடிதாரெல்லாம் நனைந்துவிட்டது.

இது எப்படி என் தலையில் வந்து விழுந்தது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

மதுரை ரிங் ரோட்டை ஒட்டிய ஒரு கம்பெனியில் நான் நெட்வொர்க் என்ஜினியர். எங்கெங்கோ இருக்கும் கடைகள், ஆலைகள், அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகள் உண்டு. ஸ்விட்ச், ரவுட்டர் என்பார்கள். அவற்றை இங்கே உட்கார்ந்தபடியே கண்காணிப்பதும் பழுது பார்ப்பதும் எங்கள் வேலை. ஒரு துணிக்கடை நிறுவனத்துக்குச் சின்ன மாற்றம் ஒன்று வேண்டும் என்றால்கூட, அதன் ஒவ்வொரு கிளையின் பெட்டிக்குள்ளும் தனித்தனியாக நுழைந்து அதே கட்டளைகளைத் தட்ட வேண்டும். கல்யாணமான புதிதில் அங்கே சேர்ந்தவள், மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அதையேதான் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மேனேஜர் எங்கள் பிரிவு முழுவதையும் மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்.

"இனிமே கையால டைப் பண்ற கதையெல்லாம் கிடையாது. ப்ரோகிராம் எழுதி விட்டா அதுவே எல்லா பெட்டிக்கும் போயி வேலைய முடிச்சிரும். கிளையன்ட் அதைத்தான் கேக்குறாங்க. நெட்வொர்க் ஆட்டோமேஷன் சர்ட்டிபிகேட் எடுத்தவங்க புது டீமுக்குப் போவாங்க. எடுக்காதவங்க..." என்று கைகளை விரித்துக் காட்டினார். உடனே அவரே சிரித்துக்கொண்டு, "எதுக்கு இப்படி முழிக்கிறீங்க? கொஸ்டின்ஸ் எல்லாம் வெளிய கெடைக்கிது. குரூப்ல போடச் சொல்றேன். பத்து நாள் உக்காந்து உருப்போட்டா முடிஞ்சது சோலி" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சொன்னதற்கு எங்கள் தொழிலில் 'டம்ப்' என்று பெயர். ஏற்கெனவே தேர்வு எழுதியவர்கள் மனத்தில் பதித்தோ திருடியோ வெளியே கொண்டுவந்து விற்கும் கேள்வி விடைகள். அதை மனப்பாடம் செய்தால் ஒரு வரி ப்ரோகிராம் எழுதத் தெரியாதவரும் தேறிவிடலாம். தேறியும் இருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் குரூப்பில் அந்த ஃபைல் வந்துவிட்டது. நான் அதைத் திறக்கவில்லை.

இதைச் சொன்னால் பெரிய யோக்கியவதி என்று காட்டிக்கொள்வதாகத் தோன்றும். அது யோக்கியம் சம்பந்தப்பட்டது இல்லை. என் அப்பா எழுமலைப் பக்கம் ஊரார் காடுகளில் கூலி வேலை செய்தவர். பிற்பாடு கொஞ்சம் நிலம் வாங்கி மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறார். எங்கள் தெருவிலிருந்து என்ஜினியரிங் படிக்க வந்த முதல் பெண் நான். கல்லூரியில் முதல் செமஸ்டரில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எடுத்தபோது, பக்கத்துப் பெஞ்சுக்காரி மெதுவாகச் சொன்னாள், "உங்களுக்கென்னப்பா, மார்க்கையும் சேத்தே குடுத்துருவாய்ங்க போல." வேலை கிடைத்தபோதும் அதே பேச்சு வேறு வாயிலிருந்து வந்தது. தனியார் கம்பெனியில் இட ஒதுக்கீடெல்லாம் கிடையாது என்று தெரிந்தவர்களே சொன்னார்கள். நான் வாங்கிய ஒவ்வொன்றும் யாரோ தூக்கிக் கொடுத்தது என்று சொல்ல எப்போதும் ஒரு ஆள் இருந்தார். அதனால் இந்தச் சர்ட்டிபிகேட்டை முழுக்க முழுக்க நான் படித்து, நான் எழுதி, நான் வாங்கவேண்டும் என்று இருந்தது. என்னிடமிருந்து அதைப் பிடுங்கிக் காட்டுங்கள் பார்ப்போம் என்கிற மாதிரி ஒரு வீம்பு.

எனக்கு அடுத்த சீட்டில் என் தோழி. இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அவள் வீடு மகால் பக்கம். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். போனில் அம்மாவோடு அவள் அந்த மொழியில் படபடவென்று பேசிவிட்டு, போனை வைத்த மறுநொடி என்னிடம் "ஏய், டீக்கு வாரியா?" என்பாள். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு பிள்ளைகள். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டுத்தான் ஆபீஸுக்கு வருவாள். அவள் ஃபைலைத் திறந்தாள். டீக் குடிக்கும்போதும் லிப்டில் ஏறும்போதும் போனில் கேள்விகளைப் புரட்டிக்கொண்டே இருப்பாள்.

"படிச்சு எழுதேன்டி. ஒனக்கு அதுக்குத் தெறம இல்லையா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"தெறம இருக்கு. நேரம் எவன் குடுப்பான்? நீ குடுக்குறியா?" என்றாள்.

நான் என் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் படிக்கத் தொடங்கினேன். விளாங்குடியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு முனையில் மகள் வாய்ப்பாடு எழுதுவாள், மறு முனையில் நான் பைத்தான் ப்ரோகிராம் எழுதுவேன். லேப்டாப்புக்குள்ளேயே பொய்யாக ஒரு நெட்வொர்க் உண்டாக்கிப் பழகுவதற்கு மென்பொருள் இருக்கிறது. நிஜப் பெட்டிகள் தேவையில்லை. ஆரம்பத்தில் எதுவும் ஓடவில்லை. ஒரு காற்புள்ளி தவறினால் திரை முழுக்கச் சிவப்பு. "அம்மா, நீயும் தப்புத் தப்பா எழுதுற" என்று மகளுக்கு ஒரே சந்தோஷம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் எழுதிய சின்ன ப்ரோகிராம் ஒன்று அந்தப் பொய் நெட்வொர்க்கின் எல்லாப் பெட்டிகளுக்கும் போய், எந்த இணைப்பு வேலை செய்கிறது, எது அறுந்திருக்கிறது என்று ஒரே மூச்சில் கொண்டுவந்து கொட்டியது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். இத்தனை வருடம் விரல் தேயத் தட்டிய வேலை. சமையலறையிலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்து, "என்ன, பாம்பு கீம்பு வந்துருச்சா?" என்றார். அவர் ஒரு மில்லில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கிறார். அவருக்கு நான் காட்டியது ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தார்.

தேர்வுக்கான பாடத்தில் எனக்குப் பிடித்த ஒரு இடம் உண்டு. நம் ப்ரோகிராம் ஒரு பெட்டியிடம் எதையாவது கேட்கும்போது, அது மறுத்தால் மறுப்புக்கு ஒரு எண் கொடுக்கும். ஒரு எண்ணுக்கு 'நீ யாரென்று எனக்குத் தெரியாது' என்று பொருள். இன்னொரு எண்ணுக்கு 'நீ யாரென்று நன்றாகத் தெரியும், ஆனாலும் உனக்கு இங்கே அனுமதி இல்லை' என்று பொருள். புதிதாகப் படிப்பவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். எனக்குக் குழப்பமே வரவில்லை. இரண்டாவது மறுப்பு என்னவென்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

அந்த டம்ப்பில் இந்தக் கேள்விக்கே விடையை மாற்றிப் போட்டிருந்தார்கள். தோழி அதைப் படித்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு, "இது தப்பு" என்றேன். அவளுக்குப் புரியும்படி விளக்கியும் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

"புரியுது. ஆனா எக்ஸாம்ல இதைத்தான் அமுக்கணும்னு சொல்றாய்ங்க. நான் எதை அமுக்கட்டும்?"

"சரியானதை அமுக்குடி!"

"கத்தாத. எல்லாரும் பாக்குறாய்ங்க."

பைபாஸ் ரோட்டில் ஒரு மொபைல் கடைக்கு மேலே, மாடியில், ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம்தான் தேர்வு மையம். பதிவு செய்யப் போனபோதே அதை நடத்துகிறவர், "மேடம், மெட்டீரியல் இருக்கா? இல்லாட்டி நம்மகிட்ட லேட்டஸ்ட் இருக்கு, அப்படியே வரும்" என்றார். வேண்டாம் என்றேன். "பரவால்ல, நம்பர் மட்டும் குடுங்க" என்றார். ஹால் டிக்கெட் விவரத்துக்கு என்று நினைத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வருவதற்குள் ஏதோ ஒரு குரூப்பில் என்னைச் சேர்த்திருந்தார். உடனே அதிலிருந்து வெளியேறினேன். அந்த இடத்திலேயே எழுதக்கூடாது என்று எனக்கு அப்போதே உறைத்திருக்கவேண்டும் என்று பின்னால் சிலர் புத்தி சொன்னார்கள். மதுரையில் அன்றைக்குத் தேதி காலியாக இருந்த மையம் அது ஒன்றுதான். சர்ட்டிபிகேட் எடுக்க மேனேஜர் கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. திருடன் வீடு எது என்று பார்த்துப் பார்த்து நடக்க நான் என்ன போலீஸா?

தேர்வு நன்றாக நடந்தது. பாதி எழுதப்பட்ட ப்ரோகிராம்களைக் கொடுத்து, விடுபட்ட இடத்தை நிரப்பச் சொன்னார்கள். சில கேள்விகளில் திணறினேன். ஒன்றிரண்டை யூகித்தேன். முடித்ததும் திரையில் 'தேர்ச்சி' என்று வந்தது. படியிறங்கி ஸ்கூட்டி பக்கத்தில் நின்றுகொண்டு அப்பாவுக்குப் போன் செய்தேன். காட்டில் மோட்டார் சத்தத்துக்கு நடுவே, "பாஸாயிட்டியா? கலெக்டர் பரிச்சையாத்தா?" என்று கத்தினார். "அதில்லப்பா, இது வேற" என்றேன். "எதா இருந்தா என்ன, பாஸு பாஸுதான்" என்றார். தோழியும் அதே வாரம் அங்கேயே எழுதித் தேறினாள். என்னைவிட அவளுக்கு மதிப்பெண் அதிகம். அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம்தான் அந்த மின்னஞ்சல்.

கேன்டீனிலிருந்து நேராக அவள் சீட்டுக்குப் போனேன். அவளுக்கும் அதே மின்னஞ்சல் வந்திருந்தது. "இது ஒண்ணும் புதுசில்லடி. அப்பப்ப இப்படித்தான் பண்ணுவாய்ங்களாம். மறுபடி எழுதிக்கலாம்" என்றாள், ஏதோ பஸ் போய்விட்டது, அடுத்த பஸ் வரும் என்கிற மாதிரி.

"ஒனக்கு மறுபடி எழுதிக்கலாம். நான் எதுக்கு எழுதணும்? நீ பாத்து எழுதுனதுக்கு நான் எதுக்குடி ஃபெயிலாகணும்?"

அவள் முகம் சுண்டியது. "நான் மட்டுமா எழுதுனேன்? மேனேஜர்கிட்டப் போயி கத்து. என்கிட்டன்னா ஈஸியா கத்தலாம், இல்ல?" என்றாள்.

அது சரியாகப் போய்த் தைத்தது. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது.

அன்று சாயங்காலம் மையத்துக்குப் போனேன். வாசல் போர்டை எடுத்திருந்தார்கள். உள்ளே அந்த ஆள் எதுவுமே நடக்காத மாதிரி உட்கார்ந்து யாருக்கோ டேலி கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதற்கு, "என்ன மேடம் பண்றது, மொத்தமாப் போச்சு. ஒங்களுக்கு மட்டுமா? நம்ம சென்டர் லைசென்ஸே போச்சு" என்று தன் கஷ்டத்தைச் சொன்னார். பிறகு குரலை இறக்கி, "நீங்க திருச்சியில போட்டுக்குங்க. புது செட் வந்ததும் அனுப்புறேன்" என்றார்.

என் வாயில் வந்ததை இங்கே எழுதமுடியாது. எழுமலையில் வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போடும்போது பெண்கள் பேசும் பேச்சு அது. டேலி படித்துக்கொண்டிருந்த பெண் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். அந்த ஆள் எழுந்து நின்று, "மேடம், மேடம்" என்றார். அந்த அளவில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

தேர்வு நடத்துகிற வெளிநாட்டு நிறுவனத்துக்கு முறையீடு எழுதினேன். நான் எந்த ஃபைலையும் திறக்கவில்லை, வேண்டுமானால் என்னைக் கேமரா முன் உட்காரவைத்து எந்தக் கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள், நான் எழுதிப் பழகிய ப்ரோகிராம் எல்லாம் லேப்டாப்பில் இருக்கிறது, ஒவ்வொரு வரியையும் ஏன் எழுதினேன் என்று சொல்கிறேன் என்றெல்லாம் எழுதினேன். தங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. கருத்தா? மறுபடி எழுதினேன். அதே நன்றி மறுபடி வந்தது. எத்தனை தடவை எழுதினாலும் அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருப்பதாகவே தெரியவில்லை.

ஆபீஸில் அதைவிட மோசம். தேர்வு ரத்தானவர்களைப் பற்றி எச்.ஆர். பிரிவு எங்கள் பதிவில் ஒரு குறிப்பு சேர்த்தது. நேர்மை குறித்து ஐயம் உள்ளது என்று. நான் மேனேஜர் முன்னால் போய் நின்றேன்.

"நீ படிச்சுத்தான் எழுதியிருப்பேன்னு எனக்குத் தெரியாதாம்மா? ஒன் வேலைய நான் பாக்கலையா?" என்றார்.

"அப்ப அதை எழுதிக் குடுங்க சார்."

"நான் எப்படிம்மா எழுதிக் குடுக்குறது? எக்ஸாம் நடத்துறவன் சொல்றான். ப்ராசஸ்னு ஒண்ணு இருக்குல்ல. இதையெல்லாம் பெருசு பண்ணாத. கொஞ்ச நாள் பழைய வேலையப் பாரு."

புது டீம் அறிவிக்கப்பட்டது. அதில் இருந்தவர்கள் எல்லாரும் அதே ஃபைலை உருப்போட்டு, அதிர்ஷ்டவசமாக வேறு மையத்தில் எழுதியவர்கள். அதில் ஒருவர் என்னிடமே வந்து, "அக்கா, இந்த ப்ரோகிராம் ஓட மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்களேன்" என்றார். பார்த்துச் சரிசெய்து கொடுத்தேன். கொடுத்துவிட்டு வாஷ்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுவரை ஓங்கி ஓங்கித் தட்டினேன்.

வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். மகள் பென்சிலைத் தொலைத்ததற்குப் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் என்ன ஏது என்று மேலே வந்தார்கள். கணவர், "விட்டுரேன், மறுபடி எழுதுனா நீ பாஸாகப் போற" என்றார். பாஸாவது இல்லை விஷயம் என்று அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. அப்பாவுக்குப் போனில் சொன்னேன். எனக்குச் சாதகமாக ஒரு ஆளாவது கத்தட்டும் என்று தோன்றியதால்தான் சொன்னேன். அவர் கத்தினார்.

"எம்மக களவாண்டான்னு எழுதியிருக்கானா? எந்த ஆபீசுத்தா அது? மொத வண்டிக்கு வாரேன்."

"அப்பா, நீ வந்து என்ன பண்ணப் போற?"

"என்னமோ பண்றேன். நீ எடத்தச் சொல்லு."

வாசலில் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார், அடையாள அட்டை வேண்டும் என்று சொல்லி அவரை நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "அம்புட்டுப் பெரிய எடமா?" என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். அந்தத் தணிவு எனக்குப் பிடிக்கவில்லை. அவர் தொடர்ந்து கத்தியிருக்கலாம்.

சில நாள் கழித்து மேனேஜர் மறுபடி எல்லாரையும் கூட்டினார். இந்தத் தடவை பேச்சு நேர்மையைப் பற்றி. பெரிய திரையில் படம் போட்டுக் காட்டினார். குறுக்கு வழி நிறுவனத்தின் பெயரைக் கெடுக்கும் என்றார். உழைத்துப் படித்து வாங்குகிற சான்றிதழுக்குத்தான் மதிப்பு என்றார். "சில பேரு பண்ணுன தப்பால நம்ம எல்லாருக்கும் தலைகுனிவு" என்றார். சில பேர் என்று சொல்லும்போது அவர் பார்வை நான் உட்கார்ந்திருந்த பக்கம் வந்து போனது.

நான் எழுந்து நின்றேன்.

"சார், அந்த ஃபைலை குரூப்புல போடச் சொன்னது யாரு?"

"என்னம்மா?"

"பத்து நாள் உருப்போட்டா முடிஞ்சதுன்னு இதே ரூம்ல சொன்னது யாரு சார்? நான் அதைத் தொடக்கூட இல்ல. என் பேருல குறிப்பு இருக்கு. ஒங்க பேருல என்ன இருக்கு?"

அவர் சிரித்தார். "நான் ஸ்டடி மெட்டீரியல்னுதான் சொன்னேன். நீ எமோஷனலா இருக்க. அப்பறம் பேசுவோம், உக்காரு."

நான் உட்காரவில்லை. சுற்றிலும் பார்த்தேன். அன்றைக்கு அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒருவர் போனைப் பார்த்தார். ஒருவர் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். என் பக்கத்து நாற்காலியில் இருந்த தோழி மடியில் கையைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை, "ஆமா சார், சொன்னீங்க" என்று ஒரே ஒரு வார்த்தை போதும். யாரும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பினேன். திண்டுக்கல் ரோட்டில் பரவை மார்க்கெட்டுக்குப் போகும் லாரிகளுக்குப் பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டே போனேன். வழி கேட்டு அடிக்கவில்லை. சும்மாவே அடித்தேன்.

அதன் பிறகு தோழியோடு பேசவில்லை. அவள் டீக்குக் கூப்பிட்டாலும் காதில் விழாத மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

பிறகு ஒருநாள் எச்.ஆரிலிருந்து அழைப்பு வந்தது. வேலையை விட்டுத் தூக்கப் போகிறார்கள் என்று நினைத்து, என்னென்ன சொல்லவேண்டும் என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அங்கே இருந்த பெண், என் பதிவில் இருந்த குறிப்பை எடுத்துவிட்டதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். உங்கள் சக ஊழியர் எழுத்துமூலமாக ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறார் என்றார். டம்ப்பைப் பார்த்து எழுதியது தான்தான் என்றும், நான் அதைத் தொடவில்லை, தன்னையும் தடுத்தேன் என்றும், ஃபைலைக் குரூப்பில் போடச் சொன்னது யார் என்றும் தோழி எழுதியிருந்தாள். அவளுக்கு வரவிருந்த பதவி உயர்வு நின்றுவிட்டது. ஷிப்ட் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். மாமனாரை வைத்துக்கொண்டு ஷிப்ட் வேலை.

"மேனேஜர் மேல?" என்று கேட்டேன்.

"அது நோட் பண்ணியிருக்கோம்" என்றார் அந்தப் பெண்.

நேராகத் தோழி வீட்டுக்குப் போனேன். மகாலுக்குப் பின்னால் குறுகலான தெரு. அவள் மாமனாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றபடியே, "ஒன்னை யாருடி கேட்டா?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து கத்து" என்றாள்.

உள்ளே போய்க் கத்தினேன். நானே படித்து எழுதினேன் என்று நான் சொன்னால் எடுபடாது, நீ தப்புச் செய்தேன் என்று சொன்னால்தான் நான் நல்லவள் என்று நம்புவார்களா, என் வார்த்தைக்கு என்னடி மரியாதை என்று கேட்டேன். அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஒனக்காக ஒண்ணும் பண்ணல. அன்னைக்கு மீட்டிங்ல வாயத் தொறக்காம உக்காந்திருந்தேன்ல, அது எனக்கே சகிக்கல. ஒன் சண்டை ஒனக்கு. இது என் சண்டை" என்றாள்.

மாமனார் ஏதோ கேட்டார். அவருக்குப் பேச்சு குழறும். அவள் சௌராஷ்டிரத்தில் பதில் சொன்னாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "சத்தம் போடுறது யாருன்னு கேட்டாரு. என் கூட்டாளின்னேன்" என்றாள். அழக்கூடாது என்று, "ஷிப்டுக்கு என்னடி பண்ணப் போற?" என்று அதையும் அதட்டலாகவே கேட்டேன்.

முடிவு ரத்தானவர்கள் மறுபடி எழுதக்கூடாது என்று விதித்திருந்த தடைக்காலம் முடிந்ததும் திருச்சிக்குப் போய் மறுபடி எழுதினேன். முன்னைவிடக் கடினமான தாள். தேறினேன். திரையில் அந்தச் சொல் வந்தபோது முதல் தடவை வந்த மகிழ்ச்சி வரவில்லை. ஏற்கெனவே என்னுடையதாக இருந்ததை யாரோ திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு நான் கும்பிடு போடவேண்டுமா என்றுதான் இருந்தது. புது டீமில் இப்போது நான் இருக்கிறேன். இரவு முழுக்க ஆள் உட்கார்ந்து தட்டிய வேலைகள் நான் எழுதிய ப்ரோகிராமில் ஓடுகின்றன. அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

மேனேஜர் சென்னைக்குப் போய்விட்டார், இன்னும் பெரிய பதவியில். வழியனுப்பு நாளில் கேக் வெட்டினார்கள். எல்லாரும் கை கொடுத்தார்கள். என்னிடம் வந்தபோது, "பழசை மனசுல வச்சுக்காதம்மா" என்று கையை நீட்டினார்.

"வச்சுக்குவேன் சார்" என்று சொல்லிவிட்டு என் சீட்டுக்குத் திரும்பினேன்.

தோழி இப்போது ஷிப்ட் இல்லாத நாட்களில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு விளாங்குடிக்கு வருகிறாள். பிள்ளைகள் என் மகளோடு மொட்டைமாடியில் குதிக்க, எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முதலிலிருந்து படிக்கிறாள். நேரம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. வரவில்லை என்று எனக்குத் தெரியும். தூக்கத்திலிருந்து பிய்த்து எடுக்கிறாள். போன வாரம் அவள் எழுதிய ப்ரோகிராம் ஓடவே இல்லை. ஏன் ஓடவில்லை என்று நான் சொல்லப் போனேன். "நீ சும்மா இரு, நானே கண்டுபுடிக்கிறேன்" என்று அதட்டினாள். சரி என்று அரிசி களையப் போய்விட்டேன்.